கூடம் யாருடையது? – மான்செஸ்டர் கலைக்கூடத்தின் கதை

மான்செஸ்டரைப் பஞ்சாலைகளின் நகரமாகவே நாம் அறிந்திருக்கிறோம். அந்நகரின் கலைக்கூடச் சேகரத்தில் முதலாவதாக வாங்கப்பெற்ற ஓவியம், ஜேம்ஸ் நார்த்கோட் 1826இல் தீட்டிய 'ஒதெல்லோ'. அதில் ஒதெல்லோவாகத் தோன்றுபவர் ஐரா ஆல்டிரிட்ஜ் என்னும் அமெரிக்கக் கறுப்பின நடிகர். அமெரிக்க அடிமைகள் பறித்த பருத்தியால் செழித்த நகரம் தன் சேகரத்தை ஒரு கறுப்பின மனிதரின் முகத்தோடு தொடங்கியது என்பது வியப்புக்குரிய முரண்.

1823இல் நிறுவப்பட்ட கலைக் கழகம் ஒன்றே இக்கூடத்தின் மூலம். சார்லஸ் பாரி கிரேக்கப் பாணியில் வடிவமைத்த அதன் கட்டடம் 1835இல் நிறைவுற்றது. சந்தா செலுத்திய செல்வர்களின் உடைமையாக இருந்த அது, 1882இல் மாநகராட்சியின் கைக்கு வந்தது. ஓவியங்கள் வாங்க ஆண்டுக்கு 2,000 பவுன் வீதம் 20 ஆண்டுகள் செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. இக்கூடத்தின் புகழ்பெற்ற விக்டோரிய ஓவியங்களுள் பல அக்காலத்தில் வந்து சேர்ந்தவை.

அவற்றுள் ஃபோர்ட் மேடக்ஸ் பிரவுனின் 'உழைப்பு' தனித்து நோக்கத்தக்கது. 1852இல் தொடங்கி 1865இல் முடிக்கப்பெற்ற அவ்வோவியம் 1885இல் இங்கு வந்தது. வெயிலில் தெருவைத் தோண்டும் கூலியாட்கள் அதன் நடுவே ஒளி பெறுகின்றனர். குதிரையேறிய செல்வர்கள் பின்னால் நிழலில் ஒதுங்கி நிற்கின்றனர். சுவரில் உழைப்பாளிக்கு நடுவிடம் கிடைத்துவிட்டது. ஆயின் அவன் அக்கூடத்துக்குள் வர வழியிருந்ததா? இவ்வினாவை உணர்ந்தவர் தாமஸ் ஹோர்ஸ்ஃபால். ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த ஆன்கோட்ஸ் பகுதியிலேயே 1886இல் அவர் ஒரு கலைக் காட்சியகம் திறந்தார். அதன் பொறுப்பையும் 1918இல் மாநகராட்சியே ஏற்றது.

அடுத்த வினாவைப் பெண்கள் எழுப்பினர். 1913 ஏப்ரல் 3 அன்று எம்மலின் பாங்க்ஹர்ஸ்டுக்கு மூன்றாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அன்றிரவே லிலியன் ஃபாரஸ்டர், ஈவ்லின் மனெஸ்டா, ஆனி பிரிக்ஸ் ஆகிய மூவர் மீது, கூடத்திலிருந்த 13 ஓவியங்களின் கண்ணாடிகளை உடைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. முதலிருவரும் சிறை சென்றனர். ஆனி பிரிக்ஸ் விடுதலையானார். ஓவியங்களில் தேவதைகளாகவும் காதலியராகவும் பெண்களைப் போற்றிய சமூகம், அவர்களுக்கு வாக்குரிமை தர மறுத்துக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு நூற்றாண்டு கழித்து, 2018 ஜனவரியில், வாட்டர்ஹவுஸ் 1896இல் வரைந்த 'ஹைலாஸும் நீரணங்குகளும்' சுவரிலிருந்து இறக்கப்பட்டது. இம்முறை இறக்கியது கூடமே. கலைஞர் சோனியா பாய்ஸின் நிகழ்வொன்றின் பகுதியாக, பெண்ணுடலை நாம் எவ்வாறு காண்கிறோம் என்ற விவாதத்தை எழுப்புவதே நோக்கம் எனப்பட்டது. வெற்றிடத்தில் பார்வையாளர்கள் துண்டுச் சீட்டுகளை ஒட்டினர். தணிக்கை என்ற கண்டனம் பெருகவே, ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஓவியம் மீண்டது.

கண்ணாடியை உடைத்ததையும் சீட்டு ஒட்டியதையும் ஒரே தட்டில் வைத்து நாம் நிறுக்க முடியாது. எனினும் இவ்விரண்டின் அடியிலும் 'இது எங்களுடையதும் அல்லவா?' என்ற குரல் கேட்கிறது. 1882இல் கைமாறியவை கட்டடமும் சேகரமுமே. அவற்றின் மீதான உரிமையை ஒவ்வொரு தலைமுறையும் கேட்டே பெறவேண்டியிருக்கிறது. பொதுக் கலைக்கூடம் என்ற சொல்லுக்கு உயிர் தருவதும் அக்கேள்விதான்.