இல்லாத மனிதருக்கு ஒரு விருது

1957-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி இரவு. ஹாலிவுட்டில் ஆஸ்கார் விருது விழா நடந்துகொண்டிருக்கிறது. திரைப்படத்துக்கான சிறந்த மூலக்கதை என்ற பிரிவில் 'தி பிரேவ் ஒன்' படத்துக்காக ராபர்ட் ரிச் என்பவரின் பெயர் அறிவிக்கப்படுகிறது. அவர் மேடைக்கு வரவில்லை. எழுத்தாளர் சங்கத்தின் சார்பில் ஜெஸ்ஸி லாஸ்கி ஜூனியர் எழுந்து சென்று, ரிச்சின் மனைவிக்குப் பிரசவ நேரம், அவர் மருத்துவமனையில் இருக்கிறார் என்று சொல்லிச் சிலையைப் பெற்றுக்கொள்கிறார். அரங்கம் கைதட்டுகிறது. பிறகு தேடிப் பார்த்தால் அப்படியொரு எழுத்தாளர் சங்கத்திலேயே இல்லை. கதையை உண்மையில் எழுதிய டால்ட்டன் ட்ரம்போவின் பெயரை அந்த மேடையில் உச்சரிக்க அன்று இடமில்லை.

விருது மாதங்களில் நம் இலக்கிய நண்பர்களிடையேயும் ஒரு பழைய விவாதம் தலைகாட்டுவதுண்டு. வைரம் பூண்டு மேடையேறும் நட்சத்திரங்கள் வறுமை பற்றியும் போர் பற்றியும் இரண்டு நிமிடம் கண்கலங்கிப் பேசுவது வெறும் பாசாங்கு என்பார் ஒருவர். ஒன்றும் பேசாமல் போவதற்கு அது எவ்வளவோ மேல் என்பார் மற்றவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நட்சத்திரங்களின் குணநலனையே சுற்றிச் சுற்றி வருவதால், விருது என்னும் அமைப்பு எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது. அக்கேள்விக்கு விடை தேட, ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியல் காலத்துக்குத்தான் திரும்பிச் செல்ல வேண்டியிருக்கிறது.

விருது வழங்கும் அகாதெமியின் பிறப்பே ஒரு தொழிலாளர் பிரச்சினையோடு தொடர்புடையது. 1927-ல் அதைத் தொடங்குவதில் முன்நின்றவர் எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் தலைவர் லூயி பி. மேயர். ஸ்டூடியோத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டுகொண்டிருந்த காலம் அது. நடிகர்களும் இயக்குநர்களும் எழுத்தாளர்களும் அவ்வழி செல்லாதிருக்க, முதலாளிகளும் கலைஞர்களும் ஒரே கூரையின்கீழ் அமரும் அமைப்பொன்று அவருக்குத் தேவைப்பட்டது. விருது அதில் பின்னால் சேர்ந்துகொண்ட அலங்காரம். முதல் விழா 1929-ல் ஒரு விருந்தாக நடந்தது. 1936-ல் 'தி இன்ஃபார்மர்' படத்தின் திரைக்கதைக்காகக் கிடைத்த விருதை டட்லி நிக்கல்ஸ் மறுத்தார். எழுத்தாளர் சங்கத்துக்கும் அகாதெமிக்கும் பூசல் நிலவியபோது சங்கத்தின் பக்கம் நிற்பதற்காகவே அவர் அப்படிச் செய்தார். ஆஸ்காரை முதன்முதலில் மறுத்தவர் ஓர் எழுத்தாளர், அதுவும் தொழிற்சங்கக் காரணத்துக்காக என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

1947 அக்டோபரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக்குழு ஒன்று ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடத் தொடங்கியது. நீ கட்சி உறுப்பினனா என்ற கேள்விக்குப் பதில் தர மறுத்த பத்துப் பேர்மீது சபை அவமதிப்புக் குற்றம் சாட்டப்பட்டது. அவர்களுள் ட்ரம்போ ஒருவர்; அந்நாளில் மிக அதிக ஊதியம் பெற்ற திரைக்கதையாசிரியர்களுள் ஒருவரும்கூட. படத்தயாரிப்பாளர் கூட்டமைப்பின் தலைவர் எரிக் ஜான்ஸ்டன், கறுப்புப் பட்டியல் என்ற அமெரிக்கத் தன்மையற்ற செயலுக்கு ஒருபோதும் உடன்படமாட்டேன் என்று முதலில் உறுதி சொன்னார். நவம்பர் இறுதியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் ஸ்டூடியோ முதலாளிகள் கூடினார்கள். கூட்டம் முடிந்து, அப்பத்துப் பேருக்கும் இனி வேலையில்லை என்ற அறிக்கையை வெளியிட்டவரும் அதே ஜான்ஸ்டன்தான். இடையில் கழிந்தவை ஒருசில வாரங்களே.

நட்சத்திரங்கள் என்ன செய்தார்கள்? முதலில் துணிவாகவே நடந்துகொண்டார்கள். ஹம்ஃப்ரி போகார்டும் லாரன் பகாலும் வேறு பலரும் தனி விமானத்தில் வாஷிங்டன் சென்று, கருத்துரிமைக்காகக் குரல் கொடுத்தார்கள். பத்திரிகைகள் திரும்பித் தாக்கத் தொடங்கியதும் குரல் தணிந்தது. 1948-ல் ஒரு திரைப்பட இதழில், தான் கம்யூனிஸ்ட் அல்லன் என்று விளக்கம் சொல்லும் கட்டுரை போகார்டின் பெயரில் வெளிவந்தது. திரையில் எவருக்கும் அஞ்சாத மனிதராக வலம்வந்தவர் நிஜத்தில் அஞ்சினார். இதைச் சொல்லி அவரைப் பழிப்பது எளிது. ஆனால் அவர் அஞ்சியதற்குக் காரணமான முதலாளிகள் எவரும் எந்த இதழிலும் விளக்கம் எழுத வேண்டியிருக்கவில்லை.

பத்துப் பேரும் சிறை சென்றார்கள். ட்ரம்போ 1950-ல் கென்டக்கி மாநிலத்திலுள்ள சிறையில் அடைக்கப்பட்டார். ரிங் லார்ட்னர் ஜூனியர் அனுப்பப்பட்ட டான்பரி சிறையில் அவருக்கு ஒரு பழைய முகம் காத்திருந்தது. அவரை விசாரித்த குழுவின் தலைவர் பார்னல் தாமஸ்தான் அது. அலுவலகத்தில் வேலையே பார்க்காதவர்களின் பெயரில் சம்பளம் எழுதி அரசுப் பணத்தைச் சுருட்டிய குற்றத்துக்காக அவரும் அங்கே கைதியாக இருந்தார். நாவலில் இப்படி எழுதியிருந்தால் செயற்கையாக இருக்கிறதென்று நாமே குறை சொல்லியிருப்போம்.

வெளியே வந்தபின் ட்ரம்போவுக்கு வேலை கிடைத்தது, பெயர்தான் கிடைக்கவில்லை. சிறு தயாரிப்பாளர்கள் பழைய ஊதியத்தில் ஒரு துளியைக் கொடுத்து, புனைபெயர்களில் அவரிடம் எழுதி வாங்கினார்கள். நண்பர்கள் தங்கள் பெயரை இரவல் தந்தார்கள். ஆட்ரி ஹெப்பர்ன் நடித்த 'ரோமன் ஹாலிடே' படத்தின் கதை ட்ரம்போவுடையது. அதற்குத் தன் பெயரைக் கொடுத்தவர் இயன் மெக்லெல்லன் ஹண்டர். பணத்தை வாங்கி நண்பரிடம் சேர்த்தார். 1954-ல் அந்தக் கதைக்கு ஆஸ்காரும் கிடைத்தது, தான் எழுதாத கதைக்காக. அறநூல் கொண்டு அளந்தால் அது பொய். ஆனால் அந்தப் பொய் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டது. ஹண்டரும் பின்னர் அதே பட்டியலில் சேர்க்கப்பட்டார். பொய்ப்பெயர்கள் நட்பைக் காத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சத்தியப்பிரமாணம் செய்து சொல்லப்பட்ட உண்மைகள் நண்பர்களைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தன.

அகாதெமி இக்காலத்தில் வெறும் பார்வையாளராக இருந்துவிடவில்லை. விசாரணைக் குழுவுக்கு ஒத்துழைக்க மறுத்தவர்கள் விருதுக்குத் தகுதியற்றவர்கள் என்று 1957 பிப்ரவரியில் ஒரு விதியே செய்தது. 'ஃப்ரெண்ட்லி பெர்சுவேஷன்' படத்தை எழுதிய மைக்கேல் வில்சனின் பெயர் படத்திலிருந்து ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தது. திரைக்கதை பரிந்துரைக்கப்பட்டது, எழுதியவர் பரிந்துரைக்கப்படவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் இதே வில்சனுக்கு இதே அகாதெமி ஆஸ்கார் கொடுத்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த விதி வந்த அடுத்த மாதமே ராபர்ட் ரிச் விருது பெற்றார். மெக்ஸிகோவில் குடும்பத்தோடு தங்கியிருந்த நாள்களில் பார்த்த ஒரு காளைச் சண்டை ட்ரம்போவுக்கு அந்தக் கதையைத் தந்திருந்தது. வீரமாகப் போரிட்ட காளைக்கு உயிர்ப்பிச்சை அளிக்கும் மரபுண்டு. அதுவே கதையின் உச்சம். எழுதியவரின் நிலைமையோடு சேர்த்து வாசிக்கையில் அதன் பொருள் கனக்கிறது.

நிருபர்கள் துளைத்தபோது ட்ரம்போ ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வேறு நல்ல படங்களைச் சுட்டிக்காட்டி இதை நீங்களா எழுதினீர்கள் என்று கேட்டாலும் அதே மௌனம். இதனால் ஹாலிவுட்டின் எந்த நல்ல படத்தையும் பட்டியலில் இருப்பவர்கள் எழுதியிருக்கலாம் என்ற ஐயம் பரவிற்று. நீதிமன்றத்தில் தோற்றதை அவர் கேலியின் வழியே வெல்லத் தொடங்கியிருந்தார்.

மறுவருடம் கேலி முற்றியது. 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' ஏழு ஆஸ்கார்களை வென்றது. திரைக்கதை விருது மூலநாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூலுக்குப் போயிற்று. ஆங்கிலத்தில் எழுதாத ஒருவருக்கு ஆங்கிலத் திரைக்கதைக்கான விருது! உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் பட்டியலில் இருந்தார்கள். இப்படம் இலங்கையின் கித்துல்கலயில் எடுக்கப்பட்டது என்பதால் நமக்குச் சற்று அணுக்கமானது. அணுக்கம் அதோடு முடியவில்லை. சயாம்-பர்மா ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுப் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் மாண்டார்கள். படம் பேசுவது பிரிட்டிஷ் போர்க்கைதிகளைப் பற்றி மட்டுமே. அத்தொழிலாளர்களை இலக்கியத்தில் பதிவு செய்ய மலேசியாவின் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலை எழுத வேண்டியிருந்தது. ஏழு சிலைகள் பெற்ற ஒரு படத்தில் எழுதியவர்களின் பெயரும் இல்லை, செத்தவர்களின் பெயரும் இல்லை.

1959 ஜனவரியில் அகாதெமி தன் விதியைக் கைவிட்டது. விதி தவறானது என்று அது சொல்லவில்லை. நடைமுறைப்படுத்த இயலாதது என்றே சொன்னது. அநீதியைவிட அசௌகரியமே அதன் மனத்தை மாற்றியது. அதே மாதம் ராபர்ட் ரிச் தானே என்று ட்ரம்போ வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1960-ல் 'ஸ்பார்ட்டகஸ்', 'எக்ஸோடஸ்' இரண்டு படங்களிலும் அவர் பெயர் திரையில் வந்தது.

இங்கே ட்ரம்போவைத் தியாகி ஆக்கிவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் வரலாறு அவ்வளவு வசதியாக இல்லை. போருக்கு எதிரான அவருடைய நாவல் 'ஜானி காட் ஹிஸ் கன்' 1939-ல் வெளிவந்தது. உலகப்போரின்போது அதைப் பாராட்டிக் கடிதம் எழுதியவர்களுள் யூத வெறுப்பாளர்களும் இருந்தார்கள். ட்ரம்போ அக்கடிதங்களை எஃப்.பி.ஐ.யிடம் காட்டினார். வந்த அதிகாரிகளுக்குக் கடிதங்களைவிடத் தன்மீதே அக்கறை அதிகம் என்று பிறகுதான் புரிந்தது. இதைப் பின்னாளில் அவரே எழுதி வருந்தியிருக்கிறார். அவருடைய தோழர்களும் இப்படித்தான். எழுத்தாளனுக்குச் சுதந்திரம் வேண்டும் என்று 1946-ல் கட்டுரை எழுதிய ஆல்பர்ட் மால்ட்ஸைக் கட்சிக்காரர்களே வறுத்தெடுத்து, அவர் வாயாலேயே அதைத் திரும்பப்பெறச் செய்தார்கள். மறு ஆண்டு அதே கட்சியினர் கருத்துரிமை பேசினார்கள், பின்னர் அதற்காகச் சிறைக்கும் போனார்கள், மால்ட்ஸும் உட்பட.

1970-ல் எழுத்தாளர் சங்கத்தின் உயர்ந்த விருதைப் பெற்றுக்கொண்டு பேசிய ட்ரம்போ, அந்த இருண்ட காலத்தில் வில்லன்களையும் வீரர்களையும் தேடிப் பயனில்லை, இருந்தவர்கள் எல்லோரும் பலியானவர்களே என்ற பொருள்படச் சொன்னார். மால்ட்ஸ் இதைக் கடுமையாக மறுத்தார். காட்டிக்கொடுத்தவனும் காட்டிக்கொடுக்கப்பட்டவனும் எப்படி ஒன்றாக முடியும் என்பது அவர் கேள்வி. இருவரும் சிறை சென்றவர்கள். அதனால் இவ்வாதத்தில் யார் பக்கம் சாய்வதற்கும் நமக்குத் தயக்கம் வேண்டும். எனினும் என் மனம் மால்ட்ஸ் பக்கமே சாய்கிறது. மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் பெருந்தன்மை. கணக்கை அழிப்பது வேறு.

1999-ல் அக்கணக்கு மேடையேறியது. 1952-ல் விசாரணைக் குழுமுன் தன் பழைய தோழர்கள் எட்டுப் பேரின் பெயரைச் சொன்ன இயக்குநர் இலியா கஸானுக்கு வாழ்நாள் சாதனைக்கான கௌரவ ஆஸ்கார் வழங்கப்பட்டது. பெரும் கலைஞர் என்பதில் ஐயமில்லை. சாட்சி சொல்வதை வீரமாக்கிய 'ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்' படமே 8 ஆஸ்கார்களை வென்றதுதான். அரங்கில் சிலர் எழுந்து கைதட்டினார்கள். சிலர் அமர்ந்தபடி கைதட்டினார்கள். எட் ஹாரிஸும் நிக் நோல்ட்டியும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யார் எழுந்தார், யார் அமர்ந்தார் என்று இன்றும் பட்டியலிடுகிறோம். எழுந்தவருக்கும் சரி, அமர்ந்தவருக்கும் சரி, அன்று எந்தப் படவாய்ப்பும் பறிபோகவில்லை. 1947-ல் பல்லாண்டுச் சம்பளத்தையும் சிறைவாசத்தையும் விலையாகக் கேட்ட மனச்சாட்சி, 1999-ல் இலவசமாகக் கிடைத்தது.

இதையே நான் விருதின் பாசாங்கு என்று எண்ணுகிறேன். 'தி பிரேவ் ஒன்' சிலை ட்ரம்போவின் கைக்கு 1975-ல் வந்தது. மறுவருடம் அவர் இறந்தார். 'க்வாய்' விருதில் உரிய பெயர்கள் 1984-ல் சேர்ந்தன. வில்சன் இறந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன, ஃபோர்மனும் அவ்வாண்டே காலமானார். 'ரோமன் ஹாலிடே' சிலையை 1993-ல் பெற்றுக்கொண்டவர் ட்ரம்போவின் மனைவி கிளியோ. பின்னாளிலும் இந்தத் தாமதம் மாறிவிடவில்லை. 1977-ல் சிறுமி தொடர்பான பாலியல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 1978-ல் நாட்டைவிட்டு ஓடிய ரோமன் பொலான்ஸ்கிக்கு 2003-ல் விருது கொடுத்து எழுந்துநின்று கைதட்டிய அதே அகாதெமி, காற்றின் திசை மாறிய 2018-ல் அவரை வெளியேற்றியது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் குற்றத்தைப் பற்றிய புதிய உண்மை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

ஆகவே அடுத்த விருது மாதத்தில் நண்பர்கள் மீண்டும் வாதிடும்போது ஒரு சிறு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். மேடையில் ஒருவர் கண்கலங்குவது நடிப்பா என்று ஆராய்வதில் பெரிய பயனில்லை. அந்தப் பேச்சுக்காக அவர் எதை இழக்கத் துணிந்தார், அன்றிரவு எவருடைய பெயர் அங்கே விடுபட்டிருந்தது என்று கேட்கலாம். 1957-ல் அந்த அரங்கில் இருந்தவர்கள் இல்லாத மனிதருக்காக மனமாரக் கைதட்டினார்கள். இருந்த மனிதர் அப்போது தம் வீட்டில், வேறொரு பெயரில், அடுத்த படத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார்.