உடற்பருமன் அறுவைச் சிகிச்சையில் ஆகார நியமம்

அமெரிக்காவின் அயோவா சர்வகலாசாலையில் எட்வர்ட் மேசன் 1966இல் தொடங்கிய இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சைக்கும், பிற்காலத்தில் பரவிய, இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றிக் குழல்போல் ஆக்கும் சிகிச்சைக்கும் முன்னும் பின்னும் நோயாளி அனுசரிக்க வேண்டிய உணவு முறை இது.

சிகிச்சைக்கு முன் சுமார் இரண்டு வாரம் நாளொன்றுக்கு 800 முதல் 1200 கலோரிக்குள் ஆகாரம் விதிப்பது எடையைக் குறைக்கவே என்று பலர் எண்ணினாலும், கொழுப்பேறிப் பருத்த கல்லீரல் சற்றே சுருங்கி, அதன் இடப்பாகத்தின் அடியிலுள்ள இரைப்பைக்குக் கருவி செல்ல வழிவிட வேண்டும் என்பதே அதன் பிரதான நோக்கம்.

சிகிச்சைக்குப் பின் தெளிந்த திரவம், பால் போன்ற திரவம், மசித்தது, மிருதுவானது என்று ஆகாரம் படிப்படியாக ஏறும். மாற்றுவழி முறையில் எஞ்சும் பை ஏறத்தாழ 30 மில்லிலிட்டரே கொள்ளுமாதலால், முதல் வாரங்களில் நாளொன்றுக்கு 800 கலோரி சேர்வதே அரிது. அவ்வேளையில் சரீரம் கொழுப்போடு தசையையும் கரைத்துவிடாதிருக்க, தினம் 60 முதல் 80 கிராம் புரதம் அவசியம். ஒரு முட்டையில் உள்ளது 6 கிராம்தான். நாலு கரண்டியில் வயிறு நிறைந்துவிடுகிறவர் பத்து முட்டையை எங்கே வைப்பார்? ஆகவேதான் பாலில் கரைத்த புரதப்பொடியைச் சிறிது சிறிதாக அருந்தச் சொல்வதும், தட்டில் புரதத்தையே முதலில் உண்ணச் சொல்வதும். புரதம் குறைந்தால் முடி உதிரும், கால் வீங்கும்.

சாப்பிட்டு அரைமணி கழிந்த பின்பே தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை மிகுந்த பண்டம் சிறுகுடலுக்கு விரைந்து இறங்கினால் படபடப்பும் வியர்வையும் பேதியும் உண்டாகும். வாந்தி நீடித்தால் தயமின் என்னும் வைட்டமின் குறைந்து நரம்பு கெடக்கூடுமாதலின் தாமதமின்றி வைத்தியரை நாட வேண்டும்.