புரூக்வுட் மையவாடியில் ஒரு பெயரைத் தேடி

லண்டனுக்குத் தென்மேற்கே, சரே பகுதியிலுள்ள புரூக்வுட் மையவாடி 1854இல் திறக்கப்பட்டது. நகரத்து இடுகாடுகள் நிரம்பி வழிந்ததே காரணம். பிரேதங்களைக் கொண்டுபோக வாட்டர்லூவிலிருந்து தனி ரயிலும் ஓடிற்று. உள்ளே நுழைந்தால், வானளாவிய செக்குவோயா மரங்களும் புல்வெளியுமாக ஒரு பூங்கா போலத்தான் தோன்றும்.

அங்கே நம்மவர்களுக்கும் இடமுண்டு. 1889இல் எழுந்த வோக்கிங் ஷாஜஹான் பள்ளிவாசல் பக்கத்தில்தான். 1936இல் மௌத்தான பிக்தாலும், 1953இல் மௌத்தான அப்துல்லாஹ் யூசுப் அலியும் அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். யூசுப் அலியின் ஆங்கிலத் தர்ஜமா நம்மட எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் இருக்கிறது. அவரோ கடைசியில் லண்டனில் ஆதரவற்று அலைந்தவர்.

சீமைக்குப் போய்த் திரும்பாத மூத்தாப்பாவைத் தேடுவோர் மீஸான் கல்லை மட்டும் நம்ப வேண்டாம். பெயரில்லாத கப்றுகளும் உண்டு. முதலில் மரண அத்தாட்சிப் பத்திரத்தில் திகதியைப் பாருங்கள். பிறகு அடக்கப் பதிவேட்டில் கப்று இலக்கத்தைக் கேளுங்கள். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார். நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பார்க்க வேணும்.

கப்றை அலங்கரிப்பது நம்மட வழியல்ல. பெயரை எழுதி வைப்பது வேறு விஷயம். நம்மட பள்ளிவாசல்களின் ஜனாஸாப் பதிவுகளை இன்று பத்திரப்படுத்தாவிட்டால், நாளைக்குப் பேரப்பிள்ளைகள் எந்தக் கப்றடியில் நின்று ஸலாம் சொல்வார்கள்?