சைகையைத் திருடுவது சாமர்த்தியமா, ஏமாற்றா? அமெரிக்கச் சிறுமிகள் சாஃப்ட்பாலில் ஓயாத விவாதம்

அமெரிக்காவில் 12 வயதுச் சிறுமிகள் ஆடும் ஒரு சாஃப்ட்பால் மேட்ச்சை நினைத்துக்கொள்ளுங்கள். பேட்டருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் கேட்சர், இரண்டு கால்களுக்கும் நடுவே விரல்களைக் காட்டுகிறார். ஒரு விரல் என்றால் வேகப்பந்து, இரண்டு விரல் என்றால் மெதுவான பந்து. பிட்சர் தலையாட்டுகிறார்.

அந்த விரல்களை இன்னொருவரும் பார்த்துவிடுகிறார். இரண்டாவது பேஸில் நிற்கும் எதிரணி ரன்னர். அவர் ஹெல்மெட்டைத் தொட்டால் வேகப்பந்து, இடுப்பில் கை வைத்தால் மெதுவான பந்து. பேட்டருக்குத் தகவல் போய்விட்டது. பந்து பறக்கிறது. இது புத்திசாலித்தனமா, திருட்டா?

பேஸ்பால் உலகில் இதற்குப் பெயர் சைகைத் திருட்டு. பெரியவர்கள் ஆட்டத்தில் நூறாண்டுக்கும் மேலாக நடப்பதுதான். ஆடுவது குழந்தைகள் என்றால் கேள்வியே மாறிவிடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில், எதற்கு இந்தச் சைகை?

அடுத்த பந்து என்ன என்று பிட்சருக்கும் கேட்சருக்கும் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் கேட்சருக்கே அடிபடும். கத்திச் சொன்னால் பேட்டர் காதில் விழும். அதனால்தான் விரல்மொழி. பல அணிகளில் கோச்சே ஓரத்தில் நின்று மூக்கு, காது, தொப்பி என்று தொட்டுக் காட்டி, எந்தப் பந்து போட வேண்டும் என்று கேட்சருக்குச் சொல்வார்.

முன்கூட்டியே தெரிந்தால் அவ்வளவு லாபமா?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 12 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டருக்கும் இடையே 40 அடி, அதாவது சுமார் 12.2 மீட்டர். நன்றாக வீசும் ஒரு சிறுமி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால், பந்து பேட்டரிடம் வர 0.55 விநாடி. அதே கை அசைவில் மணிக்கு 64 கிலோமீட்டரில் 'சேஞ்ச்-அப்' போட்டால் 0.69 விநாடி. பிட்சர் முன்னால் காலெடுத்து வைத்து வீசுவதால் நிஜத்தில் இரண்டுமே இன்னும் குறையும்.

வித்தியாசம் 0.14 விநாடிதான். பேட்டரை முன்கூட்டியே மட்டையைச் சுழற்றவைத்து ஏமாற்ற அது போதும். இந்த ஏமாற்றுதான் பிட்சரின் முழு வித்தை. அடுத்த பந்து எது என்று தெரிந்துவிட்டால் அந்த வித்தையே இல்லை.

விதி என்ன சொல்கிறது?

எந்த அமைப்பின் கீழ் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பாலில், ரன்னர் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்வதற்குத் தடை இல்லை. கேமரா, மின்னணுக் கருவி என்று இறங்கினால்தான் குற்றம்.

குழந்தைகளுக்கான 'லிட்டில் லீக்' அமைப்போ நேரெதிர். 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கிய இந்த அமைப்பு, 1974 முதல் சிறுமிகளுக்கு சாஃப்ட்பாலும் நடத்துகிறது. வீசப்போகும் பந்தின் வகையையோ இடத்தையோ பேட்டருக்குத் தெரிவிப்பதற்காகச் சைகையைத் திருடிக் கடத்துவது விளையாட்டு மாண்புக்கு எதிரானது என்கிறது அதன் விதிப்புத்தகம். அப்படி நடப்பதாக அம்பயர் கருதினால் ஆட்டக்காரரை மட்டுமல்ல, அணியின் மேனேஜரையும் வெளியேற்றலாம். இந்த இரண்டாவது பகுதி முக்கியம். குழந்தை செய்தாலும் பொறுப்பு பெரியவருக்கும் உண்டு என்று விதியே ஒப்புக்கொள்கிறது.

லிட்டில் லீக்கைத் தாண்டி, ஊர் ஊராகப் போய் ஆடும் போட்டி அணிகளில் நிலைமை வேறு. அங்கே பல கோச்சுகள் இதை ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சண்டைகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

'திருட்டு' என்ற சொல்லே குழப்புகிறதா?

கொஞ்சம். இந்த ஆட்டத்தில் ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு நைசாக ஓடிப்போவதற்கும் 'திருட்டு' என்றுதான் பெயர். அதற்குக் கைதட்டல் கிடைக்கும். எனவே சொல்லை விட்டுவிட்டுச் செயலைப் பார்ப்போம். அதில் நான்கு படிகள் இருக்கின்றன.

முதல் படி: பிட்சர் சேஞ்ச்-அப் போடும்போது கிளவுஸுக்குள் விரலை மாற்றிப் பிடிப்பது பேட்டருக்கே தெரிந்துவிடுகிறது. இதை யாரும் குறை சொல்வதில்லை. ஸ்பின்னரின் மணிக்கட்டைப் பார்த்து கூக்ளியைக் கண்டுபிடிக்கும் பேட்ஸ்மேனை நாம் பாராட்டுவதில்லையா, அதே மாதிரி.

இரண்டாவது படி: ரன்னர் தன் கண்ணால் பார்த்து, தானே புரிந்துகொண்டு, பேட்டருக்குச் சொல்வது. உண்மையான கருத்து வேறுபாடு இங்கேதான்.

மூன்றாவது படி: ஒரு கோச் சைகையை உடைத்துக் குறிச்சொல்லாகக் கத்துவது. பேட்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேகப்பந்து, ஜெர்சி எண்ணைச் சொன்னால் மெதுவான பந்து என்பது போல.

நான்காவது படி: வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அப்பாவோ அம்மாவோ போனில் படம்பிடித்துச் சொல்வது. இதை நியாயப்படுத்துபவர்கள் மிகக் குறைவு.

கிரிக்கெட்டிலும் இந்தக் கோடு உண்டு. 2017 மார்ச்சில் பெங்களூரு டெஸ்ட்டில், டிஆர்எஸ் கேட்கலாமா என்று ஸ்டீவ் ஸ்மித் டிரெஸ்ஸிங் ரூமைப் பார்த்தது எவ்வளவு பெரிய சர்ச்சையானது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். களத்தில் இருப்பவரின் கண் வேறு, வெளியே இருப்பவரின் உதவி வேறு.

ஆதரிப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

கவனித்து ஆடுவதும் திறமைதான் என்கிறார்கள். எல்லோர் கண்ணிலும் படும்படி காட்டுவதை ரகசியம் என்று எப்படிச் சொல்வது? காப்பாற்றிக்கொள்ள வழியும் இருக்கிறது. நான்கைந்து சைகை காட்டி, அதில் ஒன்று மட்டும் நிஜம் என்று வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மணிக்கட்டு அட்டை. கோச் மூன்று இலக்க எண் ஒன்றைச் சொல்வார், பிட்சரும் கேட்சரும் கையில் கட்டியிருக்கும் அட்டையைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். அட்டையை மாற்றிக்கொண்டே இருந்தால் திருட வழியில்லை.

எதிர்ப்பவர்களின் வாதம்?

ஒன்று, பாதுகாப்பு. பந்து வெளிப்பக்கம் வரும் என்று நம்பி ஒரு சிறுமி முன்னால் சாய்கிறாள். பிட்சருக்குக் குறி தவறி, அல்லது தகவலே தப்பாகி, பந்து உள்ளே வருகிறது. சுமார் 180 கிராம் எடை, 30 செ.மீ. சுற்றளவு. 'சாஃப்ட்' என்பது பெயரில் மட்டும்தான்.

இரண்டு, கற்றல். 0.55 விநாடிக்குள் பந்தைப் படிக்கப் பழக வேண்டிய வயதில் விடையை வெளியிலிருந்து கொடுத்துவிட்டால், அடுத்த நிலையில் அந்தச் சிறுமி தடுமாறுவாள்.

மூன்று, எதிரே நிற்கும் குழந்தை. விரலை மறைக்கத் தெரியாத 11 வயது கேட்சரை எதிரணிக் குழந்தை ஜெயிப்பது ஆட்டம். 40 வயதுக்காரர் ஜெயிப்பதை என்னவென்று சொல்வது?

பெரியவர்கள் எதுவரை போனார்கள்?

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி வரை. 2017-இல் சாம்பியன் ஆன அந்த அணி, மைதானக் கேமராவில் கேட்சரின் விரல்களைப் பார்த்து, குப்பைத்தொட்டியைத் தட்டி பேட்டருக்குத் தகவல் சொன்னது. 2020 ஜனவரியில் 50 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. மேனேஜருக்கும் பொது மேலாளருக்கும் ஓராண்டுத் தடை. அன்றே இருவரும் வேலையும் இழந்தார்கள். ஆட்டக்காரர்கள் யாருக்கும் தண்டனை இல்லை, கோப்பையும் பறிக்கப்படவில்லை.

2022-இல் பிட்சருக்கும் கேட்சருக்கும் இடையே தகவல் சொல்லும் 'பிட்ச்காம்' கருவியை அந்த லீக் அனுமதித்தது. விரல்களுக்கு வேலை குறைந்தது. எல்லாச் சிறுமிகள் அணிக்கும் அந்த வசதி கட்டுப்படியாகாது. அங்கே விரல்தான்.

அப்போது என்னதான் செய்வது?

உங்கள் மகள் எந்த விளையாட்டு ஆடினாலும் மூன்று கேள்விகள் உதவும். விதி இதை அனுமதிக்கிறதா? கண்டுபிடித்தது குழந்தையா, பெரியவரா? அம்பயருக்கும் எதிரணிக்கும் தெரிந்தால் "ஆமாம், செய்தோம்" என்று கூச்சமில்லாமல் சொல்ல முடியுமா?

முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. 'ஆமாம்' என்றால் மற்ற இரண்டையும் கோச்சிடம் சீசன் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மேட்ச் நடுவே கேட்டால் அது சண்டையாகத்தான் முடியும். சைகை திருடுபோன கேட்சர் உங்கள் வீட்டுக் குழந்தை என்றால், அன்று ராத்திரி அவளுக்கு வேண்டியது நியாய அநியாயப் பிரசங்கம் அல்ல. விரலைத் தொடைக்கு நடுவே இன்னும் உள்ளே வைத்துக் காட்டுவது எப்படி என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் போதும்.