ஸ்டார்ட் செய்யுமுன் பிரைமிங்: உயவா, சோதனையா?

பிரித்துக் கட்டிய என்ஜினை முதன்முறை ஓடவிடுவதற்கு முன் அதன் எண்ணெய் வழிகளை நிரப்பிவிட வேண்டும், அதாவது பிரைமிங் செய்ய வேண்டும் என்பதை எந்த மெக்கானிக்கும் மறுப்பதில்லை. ஏன் என்று கேட்டால் ‘பேரிங் காய்ந்து போகாமல் இருக்க’ என்பார்கள். அது பாதி விடைதான். பிரைமிங்கின் முதற்பயன் உயவு அன்று, சோதனை என்பதே இக்கட்டுரையின் வாதம். 1955இல் வெளிவந்த செவ்ரோலே ஸ்மால் பிளாக் வி8 என்ஜினை இதற்கு எடுத்துக்கொள்கிறேன். பிரைமிங்கின் வலிமை, வரம்பு இரண்டையும் அதில் காணலாம்.

முதலில் உயவு. 1883இல் பீச்சம்ப் டவர் ரயில் அச்சுத் தாங்கிகளைச் சோதித்தபோது, தாங்கியின் மேல்துளையில் அடைத்த தக்கையை எண்ணெயே வெளியே தள்ளியது. சுழலும் தண்டு தானே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பதை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணித வழியில் நிறுவினார். ஆக, கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவது பம்பின் அழுத்தம் அன்று. பம்ப் எண்ணெயைக் கொண்டு சேர்ப்பதோடு சரி. என்ஜின் கட்டும்போதே பேரிங்கில் பூசும் அசெம்பிளி லூப் முதல் சில விநாடிகளைத் தாங்கும். அந்தச் சில விநாடிகளுக்குள் எண்ணெய் வந்துவிடும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. உலர்ந்த கியர் பம்ப் காற்றை இழுக்கத் திணறும். பற்களின் இடைவெளி வழியே காற்று பின்னோக்கி நழுவிவிடும். பம்பை முன்கவரில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே வைத்திருக்கும் ரோவர் வி8இல் கியர்களைச் சுற்றி வாசலின் அடைத்துவிட்டுத்தான் மூடுகிறார்கள். செவ்ரோலேயில் பம்ப் சம்ப்புக்குள்ளேயே இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு.

செவ்ரோலேயில் டிஸ்ட்ரிபியூட்டரின் அடிமுனைதான் ஒரு இடைத்தண்டு வழியாகப் பம்பைச் சுழற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, பிரைமிங் தண்டை இறக்கி, டிரில் மெஷினால் வலஞ்சுழியாக ஓட்ட வேண்டும். தொடக்கத்தில் டிரில் வெற்றாகச் சுழலும். பம்ப் எண்ணெயைப் பிடித்ததும் டிரில்லின் ஓசை கனத்து, கை முறுக்கிக்கொள்ளும். கேஜ் முள் எழும். பலர் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கேதான் பிழை. இந்த என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடற்பகுதி எண்ணெய் வழியின் ஒரு சுவராகவும் இருக்கிறது. அது இல்லாத துளையில் வெறும் தண்டை மட்டும் விட்டால், வலப்பக்க டேப்பட் வரிசைக்குப் போக வேண்டிய எண்ணெய் அங்கேயே வழிந்து சம்ப்புக்குத் திரும்பிவிடும். கேஜில் அழுத்தம் காட்டும், டேப்பட்டிலிருந்து புஷ்ராடு வழியே எண்ணெய் பெறும் வலப்பக்க ராக்கர்களோ உலர்ந்தே கிடக்கும். ஆகவே உறையோடு கூடிய தண்டுதான் வேண்டும். கிராங்கை இன்னொருவர் கையால் மெல்லத் திருப்பிக்கொடுக்க, பதினாறு ராக்கர்களிலும் எண்ணெய் கசிவதைக் கண்ணால் பார்த்த பிறகே டிரில்லை எடுக்கலாம். கேஜ் சொல்வது ஒரு புள்ளியின் அழுத்தத்தை மட்டுமே. எண்ணெய் கடைசிவரை போய்ச் சேர்ந்ததா என்பதை ராக்கர்தான் சொல்லும்.

இப்படிப் பார்த்தால்தான் பிழைகள் அகப்படும். டைமிங் கவருக்குப் பின்னால் இருக்கும் கேலரி (எண்ணெய் வழி) பிளக் ஒன்றைப் போட மறந்திருந்தால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. எண்ணெய் கவருக்குள்ளேயே கொட்டும், அழுத்தம் ஏறாது. அடைத்துப்போன புஷ்ராடு, உலர்ந்த ராக்கராகக் காட்டிக்கொடுக்கும். பின் மெயின் கேப்புக்கு அடியில் உள்ள சிறிய பிளக் விடுபட்டிருந்தாலோ நிலைமை வேறு. எண்ணெய் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு நேரே கேலரிக்குப் போகும். அழுத்தமும் சரியாக இருக்கும், ராக்கர்களும் நனையும். பிரைமிங் கண்டுபிடிக்காத பிழை இது. கேப்பை மாட்டுமுன் பார்த்திருந்தால்தான் உண்டு.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்டரால் சுழற்றினாலே போதும் என்போர் உண்டு. பழைய ஃபிளாட் டேப்பட் என்ஜினுக்கு இது பொருந்தாது. கேம் லோபுகளுக்குப் பம்பிலிருந்து நேரடி வழி இல்லை. கிராங்க் வீசியடிக்கும் எண்ணெய்தான் அவற்றை நனைக்கிறது. ஸ்டார்டரின் மந்த வேகத்தில் வீச்சு போதாது. டேப்பட் உராய்ந்து லோபில் பூசிய லூப்பை வழித்துவிடும். ஓடத் தொடங்கியதும் ஐட்லிங்கில் விடாமல் ஏறத்தாழ 2000 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓட்டச் சொல்வதும் இதனால்தான். டிரில் முறையில் பம்ப் ஓடும்போது கேம் அசையாமல் நிற்கிறது. ராக்கருக்காகக் கையால் திருப்பும் ஓரிரு சுற்றுகள் மட்டுமே அதன் கணக்கு.

1997இல் வந்த செவ்ரோலேயின் எல்எஸ் வகை என்ஜினில் பம்ப் கிராங்கின் முன்முனையிலேயே அமர்ந்திருக்கிறது; அதைத் தனியாகச் சுழற்ற வழியில்லை. அழுத்தத் தொட்டியிலிருந்து கேலரிக்குள் எண்ணெய் ஏற்றுகிறார்கள். உயவு மட்டுமே நோக்கம் என்றால் அது போதும். சோதனை என்றால் போதாது. தொட்டி எண்ணெய் வழிகளைச் சோதிக்கிறதே தவிர பம்பைச் சோதிப்பதில்லை. பிக்கப் குழாயின் ஓ-ரிங் வெட்டுப்பட்டிருந்தால் பம்ப் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். தொட்டி அதைக் காட்டாது. இந்த என்ஜினில் ரோலர் டேப்பட் என்பதால் லோபில் பூசிய லூப் வழிக்கப்படும் அச்சம் இல்லை. ஆகவே தொட்டியைக் கழற்றியபின் ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஸ்டார்டரால் சுழற்றி, பம்ப் தானாகவே அழுத்தத்தை ஏற்றுகிறதா என்று பார்த்துவிட்டே பற்றவைக்க வேண்டும்.