பாக்கூ நகரில் முழங்கிய ஆலைச் சங்குகளும் பாங்கொலியும்

காஸ்பியன் கடலின் மேற்குக் கரையில், ஒரு விரிகுடாவைச் சூழ்ந்து வட்டரங்கின் படிகளைப் போலச் சரிந்திறங்கும் நகரம் பாக்கூ. காற்று மோதும் ஊர் எனப் பொருள்படும் 'பாத்கூபே' என்னும் பாரசீகச் சொல்லோடு இதன் பெயரை இணைத்துப் பேசுவது மக்கள் வழக்கு. இந்நகரில் 1922ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், அக்டோபர் புரட்சியின் ஐந்தாம் ஆண்டு நிறைவையொட்டி, ஊரையே அரங்காகவும் இசைக்கருவியாகவும் கொண்ட ஓர் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. 'ஆலைச் சங்குகளின் சிம்பொனி' என்று அது பெயர் பெற்றது. இசை வரலாற்றாசிரியர்கள் அதனை ஒரு விந்தையாகக் குறித்துச் செல்வர். ஆனால் அது நிகழ்ந்தது முஸ்லிம் உலகின் மறுமலர்ச்சிக்கு மையமாக விளங்கிய நகரங்களுள் ஒன்றில். ஆகவே அதனைக் கேட்டவர்கள் எங்கே நின்று கேட்டார்கள் என்னும் வினாவை எழுப்ப நமக்கு உரிமை உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் மண்ணெண்ணெய் வளத்தில் ஏறத்தாழப் பாதி பாக்கூவின் கிணறுகளிலிருந்தே கிடைத்தது. அச்செல்வத்தால் உயர்ந்த ஹாஜி ஜைனுல் ஆபிதீன் தாகியேவ் 1901இல் முஸ்லிம் சிறுமியர்க்கெனப் பள்ளி நிறுவினார். நபாத் கானம் என்னும் பெருமாட்டியின் பொருளுதவியால் 1905இல் தாஸா பீர் பள்ளிவாசலின் கட்டுமானம் தொடங்கியது. 1908இல் தாகியேவின் அரங்கில் உஜெயிர் ஹாஜிபெயோவின் 'லைலா மஜ்னூன்' மேடையேறியது. மேலை இசைக்குழுவையும் 'முகாம்' என்னும் மரபிசையையும் இணைத்த அவ்விசை நாடகம் முஸ்லிம் கீழைத்தேயத்தின் முதல் ஓபராவாகக் கருதப்படுகிறது. 1918 மே மாதம் அறிவிக்கப்பட்ட அஸர்பைஜான் குடியரசு, பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கியது. 1920 ஏப்ரல் 28இல் செஞ்சேனை நகருள் நுழைந்ததோடு அக்குடியரசு முடிவுற்றது. தாகியேவின் உடைமைகள் பறிமுதலாயின.

சிம்பொனியை அமைத்தவர் அர்செனி அவ்ராமோவ் (1886–1944) என்னும் ரஷ்ய இசையறிஞர். அரங்கினுள் அமர்ந்து கேட்கும் இசை பழைய உலகிற்கு உரியது. தொழிலாளர் ஆட்சியின் இசை ஊர் முழுவதும் ஒலிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. காஸ்பியன் கப்பற்படையின் சங்குகள், ஆலைகளின் சங்குகள், நீராவி எஞ்சின்களின் ஊதல்கள், பீரங்கிகள், இயந்திரத் துப்பாக்கிகள், கடல் விமானங்கள், பெருந்திரளான பாடகர்கள் ஆகிய அனைத்தையும் அவர் கருவிகளாகக் கொண்டார். பண்ணை இசைப்பதற்கென, சுருதி சேர்த்த நீராவி ஊதல்களின் தொகுதி ஒன்றையும் உருவாக்கினார். அறிவுறுத்தல்கள் முன்கூட்டியே நாளிதழ் வாயிலாக வெளியாயின. முதற் பீரங்கி முழங்கியதும் பீபி ஹைபத், பாயில் முதலிய புறப்பகுதிகளின் சங்குகள் தொடங்க வேண்டும். ஐந்தாவது முழக்கத்தில் கப்பல் துறைகள் சேர வேண்டும். பின்னர்க் 'கருநகரம்' என்று வழங்கிய ஆலைப் பகுதியும் கப்பற்படையும் படிப்படியாக இணைய வேண்டும் என்று திட்டம் வகுக்கப்பட்டது. உயர்ந்த மேடையிலிருந்து கொடியசைத்து இயக்குவது அவர் முறை.

இங்கே ஓர் இயற்கை விதியை நோக்க வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் தொலைவைக் கடக்க ஏறத்தாழ மூன்று நொடிகள் ஆகின்றன. ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஆலையில் ஒருவர் பீரங்கியொலியைக் கேட்ட மாத்திரத்தில் சங்கை ஊதுவதாகக் கொள்வோம். அவ்வாலையின் வாயிலில் நிற்பவருக்குப் பீரங்கியும் சங்கும் ஒன்றாகவே கேட்கும். பீரங்கியருகே நிற்பவருக்கோ சங்கொலி முப்பது நொடிகள் கழித்தே எட்டும். போக்கிற்குப் பதினைந்து, வரவிற்குப் பதினைந்து. கொடி கண்டு ஊதினாலும் வேற்றுமை மறைவதில்லை. போக்கின் தாமதம் நீங்கும், வரவின் தாமதம் எஞ்சும். காற்றடிக்கும் திசை மாறினால் ஒரு பகுதிக்கு ஒலி வலுக்கும். மற்றொரு பகுதிக்கு மெலியும். ஆகவே அன்று பாக்கூவில் ஒலித்தது ஒரு சிம்பொனி அன்று. கேட்டவர் நின்ற இடங்கள் எத்தனையோ அத்தனை சிம்பொனிகள். அவ்ராமோவ் கருதிய ஒழுங்கு, பெரும்பாலும் அவர் நின்ற மேடையைச் சூழ்ந்த சிறு பரப்பிற்கே உரியதாக இருந்திருக்கும். 1923இல் மாஸ்கோவில் இதனை மீண்டும் நிகழ்த்தியபோது, பரந்து கிடந்த அந்நகரில் பாக்கூவில் கிட்டிய விளைவு கிட்டவில்லை.

கேட்பவரின் இடம் என்பது நம் மரபிலும் ஆழ்ந்து ஆராயப்பட்ட பொருளே. கண்பார்வையற்ற ஒருவர் தம்மை வழிநடத்தி வர ஆளில்லை என்று கூறி, வீட்டிலேயே தொழ அனுமதி கோரியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் இசைந்து, பின்னர் அவரை அழைத்து, பாங்கொலி கேட்கிறதா என்று வினவினார்கள். கேட்கிறது என்றதும், அவ்வழைப்பிற்கு விடையளிக்குமாறு பணித்தார்கள். அவர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) என்று அறிஞர்கள் குறிப்பர். இதனையொட்டிய சிந்தனையை ஜும்ஆத் தொழுகை பற்றிய சட்டத்தில் காணலாம். நம் கடலோர ஊர்களில் பலர் பின்பற்றும் ஷாஃபியீ மத்ஹபின்படி, ஜும்ஆ நடைபெறும் ஊருக்கு வெளியே வாழ்வோருக்கு அவ்வூரின் அழைப்பொலி எட்டுமாயின் ஜும்ஆ கடமையாகும். அவ்வாறு எட்டுவதை எங்ஙனம் அளப்பது? உரத்த குரலுடையவர் ஊரின் எல்லையில் நின்று அழைக்க வேண்டும். காற்று அடங்கியிருக்க வேண்டும். பிற ஓசைகள் ஓய்ந்திருக்க வேண்டும். கேட்பவர் இயல்பான செவிப்புலன் உடையவராக இருக்க வேண்டும். காற்றும் இரைச்சலும் கேள்வியைத் திரிக்கும் என்பதை அறிந்தே நம் சட்ட அறிஞர்கள் இந்நிபந்தனைகளை விதித்தனர். எட்டாதவர் மீது சுமை இல்லை என்பதே இதன் உட்பொருள்.

ஆலைச் சங்குகளின் நாளில் இத்தகைய எல்லை எதுவும் இல்லை. விரும்பியவரும் விரும்பாதவரும் கேட்டே ஆக வேண்டியிருந்தது. பாங்கிற்குத் தலைமை மேடை இல்லை. ஒவ்வொரு மினாராவும் தன் சுற்றுப்புறத்தாரை அழைக்கிறது. செவியுறுபவர் அதன் சொற்களைத் தாமும் மொழிவது சுன்னத். பீரங்கியொலிக்கு அவ்வாறு மறுமொழி கூற இயலாது. பாக்கூவின் பழைய நகரில் ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த முஹம்மது பள்ளிவாசலை மக்கள் 'சினிக்காலா', அதாவது உடைந்த கோபுரம், என்று அழைப்பர். 1723இல் ரஷ்யக் கப்பல்கள் நகரைக் குண்டுகளால் தாக்கியபோது அதன் மினாரா சேதமுற்றது என்பது அப்பெயருக்குக் கூறப்படும் காரணம். கடலிலிருந்து வரும் பீரங்கியொலி அவ்வூருக்குப் புதிதன்று. 1922இல் அதனை இசையெனக் கேட்குமாறு பணித்ததே புதிது.

முதல் முழக்கத்திற்கு விடையளித்த பகுதிகளுள் ஒன்று பீபி ஹைபத் என்றோம். 1846இல் இயந்திர முறையில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட இடம் அது. இமாம் மூஸா அல்காளிம் (ரலி) அவர்களின் மகளார் அடங்கியுள்ளதாகப் போற்றப்படும் அடக்கத்தலமும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஷிர்வான்ஷா மன்னர் எழுப்பிய பள்ளிவாசலும் அங்கேயே இருந்தன. அப்பள்ளிவாசலில் நின்ற ஒருவருக்கு அன்று மிக அருகில் கேட்டது எண்ணெய் வயலின் சங்கே. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1936இல், அப்பள்ளிவாசல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அக்காலத்தில் பாக்கூவின் பள்ளிவாசல்கள் பலவும் மூடப்பட்டன, தேவாலயங்களும் தப்பவில்லை. சிம்பொனியே இதற்குக் காரணம் என்று நாம் கூறவில்லை. ஊர் முழுவதற்கும் ஒரே மேடையிலிருந்து ஒரே குரல் போதும் என்று எண்ணிய காலத்தின் விளைவுகளே இரண்டும் என்பது நம் கருத்து. பீபி ஹைபத் பள்ளிவாசல் சோவியத் ஆட்சி நீங்கிய பின்னர் 1990களில் மீண்டும் எழுப்பப்பட்டது.

அன்றைய நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு இல்லை. நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி அவ்ராமோவ் வெளியிட்ட அறிவுறுத்தல்களிலிருந்தும் 1923இல் அவரே எழுதிய கட்டுரையிலிருந்தும் பெறப்பட்டவை. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் மிகேல் மொலினா அச்சான்றுகளைக் கொண்டு ஒலிக்கூடத்தில் அதனை மீட்டுருவாக்கினார். 2008இல் அது வெளிவந்தது. அரிய முயற்சியே எனினும், அது தரும் ஒலி ஒருவர் நின்று கேட்ட ஒலியே. கோட்டைக்குள் தன் வீட்டு மொட்டைமாடியில் நின்ற பெண்ணுக்கும், பீபி ஹைபத்தில் ஒளூச் செய்துகொண்டிருந்த முதியவருக்கும் அன்று என்ன கேட்டது என்பது எந்த ஒலித்தட்டிலும் இல்லை. வரலாறும் பெரும்பாலும் மேடையில் நின்றவரின் செவியாலேயே எழுதப்படுகிறது. ஏனையோர் எங்கே நின்றார்கள் என்று கேட்பது வரலாற்று மாணவரின் முதற் கடமை.