ஆறு அக்ரிகேட்டிலிருந்து பத்து ஏ வரை

படிவம் 3 முடியும் நேரத்தில் நம் எல்லாருக்கும் வரும் வேலைதான். படிவம் 4-க்கான பாடத்தேர்வுப் பாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பெற்றோர் வருவார்கள். பூச்சோங்கில் நான் வேலை செய்யும் பள்ளிக்கும் அப்படி ஒரு தம்பதி வந்தார்கள். மகன் நல்ல மாணவன். தமிழில் கட்டுரை எழுதச் சொன்னால் பக்கம் போதாது என்று கேட்பவன்.

அம்மா நேராகவே கேட்டார். “டீச்சர், இவனுக்குப் பத்து ஏ வேணும். சயன்ஸ் எடுத்தா ஒன்பது பாடம்தான் வருது. பத்தாவதா தமிழ் போடலாமா? தமிழ்ல ஏ மைனஸ் வந்துட்டா என்ன பண்றது?”

அப்பா தோட்டப் பள்ளியில் படித்து வந்தவர். “நான் தொண்ணூத்திரெண்டுல எஸ்.பி.எம். எழுதினேன். தமிழ் எடுக்கறதுக்கு யாரும் இப்படி யோசிக்கல. எடுத்தோம், எழுதினோம்” என்றார்.

‘எங்க காலத்துல’ என்று தொடங்கும் பேச்சை நாம் வழக்கமாகச் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவோம். இந்த முறை என்னால் விட முடியவில்லை. அவர் காலத்தில் அந்தப் பயம் இல்லாததற்குத் தமிழ்ப்பற்று மட்டும் காரணமாக இருக்க முடியாது. தரம் போடும் முறையே வேறாக இருந்தது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்கான தேர்வை 1858-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அந்த நூற்றாண்டு முடியும் முன்பே அது மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்துவிட்டது. நம் தாத்தாக்கள் பெருமையாகச் சொல்லும் ‘சீனியர் கேம்பிரிட்ஜ்’ அதுதான். அதன் வழியாக வந்த அளவுகோலில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 9 வரை ஓர் எண் உண்டு. 1-உம் 2-உம் டிஸ்டிங்ஷன், 3 முதல் 6 வரை கிரெடிட், 7-உம் 8-உம் பாஸ், 9 பெயில். சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டு, 1956-இல், நமக்கென்று தேர்வு வாரியம் அமைந்தது. தேர்வின் பெயர் மாறியது, தாளின் மொழி மாறியது. அந்த 1 முதல் 9 மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

பழைய எஸ்.பி.எம். சான்றிதழ் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஏ1, ஏ2 என்று தொடங்கி உடனே சி3-க்குத் தாவும். நடுவில் ‘பி’ எங்கே போனது என்று என் மாணவர்கள் கேட்பார்கள். அந்த ‘சி’ நாம் இன்று நினைக்கும் மூன்றாம் தரமல்ல, கிரெடிட்டின் முதல் எழுத்து. பி7, பி8-இல் வரும் ‘பி’ பாஸ் என்பதன் முதல் எழுத்து. எழுத்து வெறும் ஒட்டு, எண்தான் உயிர்.

அந்த எண்களைக் கூட்டினார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். பாடப்பிரிவு நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மாணவரின் சிறந்த ஆறு பாடங்களை எடுத்துக் கூட்டினால் வருவது ‘அக்ரிகேட்’. ஆறிலும் 1 வாங்கியவருக்குக் கூட்டு 6, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. அந்தக் கூட்டை வைத்து முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று சான்றிதழ் கொடுத்தார்கள். ஒருவர் எட்டுப் பாடம் எழுதி, அதில் தமிழில் 5 வாங்கினால் என்ன ஆகும்? மற்ற ஆறு நன்றாக இருந்தால் தமிழ் கூட்டிலேயே வராது. தமிழில் 2 வாங்கி, வேறொன்றில் 6 வாங்கினால் தமிழ் வந்து கைகொடுக்கும். தமிழ் எடுப்பவருக்கு லாபம் வரலாம், நட்டம் வராது. அந்த அப்பா யோசிக்காமல் எழுதினார் என்றால், யோசிக்கத் தேவையில்லாத ஒரு கணக்கு அவருக்குப் பின்னால் நின்றது.

2000-இல் எஸ்.பி.எம். திறந்த சான்றிதழ் ஆனது. நிலையும் போனது, கூட்டும் போனது. எந்தப் பாடத்தில் என்ன தரம் என்று மட்டும் பட்டியல் வரும். தரமும் 1ஏ, 2ஏ, 3பி என்று தொடங்கி 9ஜி வரை மாறியது. நோக்கம் நல்லதுதான். ஒரு மாணவரை ஒரே எண்ணுக்குள் அடைக்க வேண்டாம் என்பதை யார் மறுப்பார்? ஆனால் கூட்டு போன இடத்தில் எண்ணிக்கை வந்து உட்கார்ந்துகொண்டது. 2004 எஸ்.பி.எம். தேர்வில் நூர் அமலினா 17 பாடங்களில் 1ஏ பெற்றார். அவர் பெயர் தெரியாத வீடே இல்லை. அப்புறம் 19, 20 என்று போட்டி ஏறியது. ‘எத்தனை ஏ?’ என்பது ஹரிராயா, தீபாவளித் திறந்த இல்லம் வரைக்கும் கேட்கப்படும் கேள்வி ஆனது.

கூட்டில் ஒரு பலவீனமான பாடம் மறைந்துகொள்ளும். பட்டியலில் மறைய இடமில்லை. பத்துப் பாடம் எழுதி ஒன்பதில் ஏ வாங்கினால் அந்தப் பத்தாவது பாடம் கறையாகத் தெரியும். அது தமிழாக இருந்தால் பழி முழுக்கத் தமிழுக்கு.

2009-இல் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்தன. ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ் என்று ஏ மூன்றாகப் பிரிந்தது. 2010 முதல் எஸ்.பி.எம்.-இல் 10 பாடங்களுக்கு மேல் எழுத முடியாது என்ற அறிவிப்பும் அந்த ஆண்டே வந்தது. நம்மில் மூத்தவர்களுக்கு அந்த நாள்கள் மறந்திருக்காது. அறிவியல் பிரிவு மாணவருக்கு மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என ஒன்பது ஆகிவிடும். தமிழ்மொழி பத்து. தமிழ் இலக்கியம் பதினொன்று, அதாவது வாசலுக்கு வெளியே. தமிழ் அமைப்புகள் குரல் கொடுத்தன, சீன சமூகமும் கேட்டது. பிறகு உச்சவரம்பு 12 ஆனது. ஆனாலும் அந்தக் கூடுதல் இரண்டும் உபகாரச் சம்பளத்துக்குக் கணக்கில் வருமா என்ற சர்ச்சை கூடவே ஒட்டிக்கொண்டது. இலக்கியத்துக்கு அன்று விழுந்த அடி இன்னும் ஆறவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

நம் பக்கத்துக் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாடத்தின் சராசரித் தரத்தைக் கணக்கிட ஏ பிளஸுக்கு 0, ஏ-க்கு 1, ஏ மைனஸுக்கு 2 என்று போய் ஜி-க்கு 9 வரை போடுகிறோம். எண் குறைந்தால் நல்லது. ஆக, கூட்டு முழுசாகச் செத்துப் போகவில்லை. மாணவரை விட்டுவிட்டு ஆசிரியர் மேல் ஏறிக்கொண்டது. பலவீனமான மாணவர் ஒருவர் தமிழ் எழுத வந்தால் என் பாடத்தின் சராசரி கெடும். ‘உனக்கு இது கஷ்டம்பா, யோசிச்சுக்க’ என்று ஒரு வருடம் நானே ஒரு மாணவியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் யோசித்தாள், தமிழ் எடுக்கவில்லை.

1996 கல்விச் சட்டப்படி, ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால்தான் தமிழ்ப் பாடத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இங்கே ஒரு தலை குறைவது அந்த ஒரு தலையோடு நிற்பதில்லை.

கீழ்ப்படிவங்களில் எழுத்தையே எடுத்துவிடும் முயற்சியும் நடந்தது. 2012-இல் பள்ளிசார் மதிப்பீடு படிவம் 1-க்கு வந்தபோது 1 முதல் 6 வரை ‘பேண்ட்’ போட்டோம், இரவில் இணையத்தில் பதிவேற்றக் காத்துக்கிடந்தோம். இப்போது அதைத் தர அடைவு என்கிறோம். பி.எம்.ஆர். 2013-ஓடு போனது, பிடி3 2022-இல் ரத்தானது. தர அடைவு 5 என்று காட்டினால் பெற்றோர் கேட்பது, “அது ஏ-வா பி-யா டீச்சர்?” கல்வித் தவணை இறுதித் தேர்வு வந்ததும் எழுத்து திரும்பி வந்துவிட்டது. பலருக்கு நிம்மதி.

2024 ஜூன் இறுதியில் பிரதமர் ஓர் அறிவிப்பு செய்தார். எஸ்.பி.எம்.-இல் 10 ஏ-யும் அதற்கு மேலும் எடுப்பவர்களுக்கு, இன வேறுபாடின்றி, மெட்ரிகுலேஷன் இடம் உறுதி. நம் பிள்ளைகளுக்குப் பெரிய கதவு அது. அறிவியல் மாணவருக்கு ஒன்பதுதான் இருப்பதால் பத்தாவது பாடம் திடீரென்று தேவைப்பட்டது. எந்தக் கணக்கு தமிழைத் தள்ளியதோ, அதே கணக்கு தமிழைக் கூப்பிடுகிறது. ஆனால் கூப்பிடும்போதே ‘ஏ வருமா?’ என்று கேட்டுவிட்டுத்தான் கூப்பிடுகிறது. அந்தப் பத்தில் ஏ மைனஸைச் சேர்ப்பதா வேண்டாமா என்று 2025-இல் நடந்த வாதத்தைப் படித்திருப்பீர்கள். அந்த அம்மாவும் படித்திருக்கிறார்.

அவரிடம் நான் ஏ உறுதி என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. மகனுடைய மூன்று கட்டுரைகளை எடுத்துக் காட்டினேன். ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தேன். அவர் வட்டங்களை எண்ணினார். அப்பா கட்டுரையைப் படித்தார்.

“சரி, தமிழ் போட்டுருவோம்” என்றார் அப்பா. “மோசமா வந்தா கூட்டுல வராதுல்ல?”

இப்போது கூட்டு இல்லை ஐயா என்றேன். பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு பத்தாவது வரியில் தமிழ்மொழி என்று எழுதினார். பதினோராவது வரியைக் காட்டி, “இலக்கியம்?” என்று மகனைப் பார்த்தார். அவன் அம்மாவைப் பார்த்தான்.

பாரத்தை அடுத்த வெள்ளிக்குள் ஒப்படைக்க வேண்டும். அந்த வரி இன்னும் காலியாக இருக்கிறது.